பிளாக் கோஸ்ட் மீனின் மின்சாரத்தை ஸ்பீக்கரில் கேட்பது: தொட்டி, தண்ணீர், சர்க்யூட்

மீன் கடைகளில் பிளாக் கோஸ்ட் என்று விற்கும் கறுப்பு மீன், வாலுக்குள் இருக்கும் ஓர் உறுப்பால் நொடிக்கு ஆயிரம் தடவைக்குப் பக்கமாக மின்துடிப்பு விட்டுக்கொண்டே இருக்கும். ராத்திரியும் பகலும் அது நிற்காது, மீன் அசையாமல் கிடக்கும்போதும் நிற்காது. தொட்டிக்குள் கையை விட்டால் நமக்கு ஒன்றும் தெரியாது. மீனுக்குப் பக்கத்திலேயே அளந்தாலும் மில்லிவோல்ட் கணக்குதான். ஆனால் நொடிக்கு ஆயிரம் தடவை, அதாவது ஆயிரம் ஹெர்ட்ஸ் என்பது நம் காது நன்றாகக் கேட்கும் சுருதி. தண்ணீரில் இரண்டு கம்பியை இறக்கி, வரும் சிக்னலைப் பெருக்கி ஸ்பீக்கரில் விட்டால், மீன் எங்கே நிற்கிறது, எந்தப் பக்கம் திரும்புகிறது என்பது இருட்டிலேயே காதுக்குத் தெரியும். நாகர்கோவிலில் எங்கள் வீட்டுத் தொட்டியில் இது இப்போது சுத்தமாக வேலை செய்கிறது. செய்த வரிசையிலேயே எழுதுகிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சால்டரிங் அயர்னைத் தொடுவதற்கு முன்னால் தண்ணீரைச் சரிசெய்யுங்கள். சர்க்யூட்டில் நான் செய்த எந்த மாற்றமும் தண்ணீரை மாற்றியபோது கிடைத்த அளவுக்குப் பலன் தரவில்லை.

மீனைப் பற்றிக் கொஞ்சம். விஞ்ஞானப் பெயர் அப்டெரோநோட்டஸ் ஆல்பிஃப்ரான்ஸ். லின்னேயஸ் 1766-ல் பெயரிட்டது. சொந்த ஊர் தென் அமெரிக்கா. வெனிசுலா தொடங்கி அமேசான் படுகை முழுக்க, தெற்கே பராகுவே ஆறு வரை உண்டு. காட்டு ஓடைகளில் மணல் தரைக்கு மேலே, மர வேர்களுக்குள்ளும் இலைக் குப்பைக்குள்ளும் பகலெல்லாம் ஒளிந்து கிடந்து, ராத்திரி பூச்சிப் புழுக்களையும் சின்ன இறால் வகைகளையும் தேடித் தின்னும். முழுக் கறுப்பு. நெற்றியிலிருந்து முதுகுவழியாக ஒரு வெள்ளைக் கோடு, வாலில் இரண்டு வெள்ளை வளையம். முதுகுத் துடுப்பு இல்லை. வயிற்றடியில் தலைக்குப் பக்கத்திலிருந்து வால் வரை நீளும் ஒரே துடுப்பை அலையலையாக அசைத்து முன்னாலும் போகும், அதே வேகத்தில் பின்னாலும் போகும். உடம்பை வளைக்காது. உடம்பு வளைந்தால் அதைச் சுற்றி இருக்கும் மின்புலமும் கோணலாகிவிடும். நேராக வைத்திருந்தால்தான் புலத்தில் விழும் சின்ன மாற்றத்தை வைத்து எதிரே கல்லா புழுவா என்று கண்டுபிடிக்க முடியும். 1951-ல் விலங்கியலாளர் ஹான்ஸ் லிஸ்மன் ஆப்பிரிக்காவின் ஜிம்நார்க்கஸ் என்ற மீனிடம் இப்படி ஓயாத மெல்லிய மின்சாரம் இருப்பதைக் கண்டுபிடித்தார். பின்னாலே போனாலும் எதிலும் இடிக்காத அதன் நீச்சல்தான் அவரை யோசிக்க வைத்தது. நம் ஊர்ச் சந்தைக்கு வரும் சொட்டை வாளைக்கும் இதே கத்தி வடிவம் உண்டு, ஆனால் அது வேறு குலம், மின்சாரம் விடாது.

முதலில் தொட்டி. 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம், 8 மி.மீ. கண்ணாடி, சிலிக்கான் ஒட்டு. கண்ணாடி வெட்டும் கடையில் 5,200 ரூபாய் ஆனது. முழுக்க நிரப்பினால் 255 லிட்டர் பிடிக்கும். மேலே கொஞ்சம் இடம் விட்டதில் 220 லிட்டர் நிற்கிறது. தண்ணீர், மணல், கண்ணாடி எல்லாம் சேர்த்து 300 கிலோவுக்கு மேல் வரும் என்பதால் ஒன்றரை அங்குல ஆங்கிளில் இரும்பு ஸ்டாண்டு அடித்தேன். அது 3,800. மூடி கட்டாயம் வேண்டும், இந்த மீன் துள்ளும். மரச்சட்டத்தில் கொசுவலை அடித்து மூடியிருக்கிறேன், காற்றும் போகும்.

மணலுக்காகக் கடற்கரைக்குப் போகவேண்டாம். மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கறுப்பு மணல் இல்மனைட்டும் கார்னெட்டும் மற்ற கனிமங்களும் கலந்தது. மற்ற கரைகளில் எடுத்தால் சிப்பித் துகள் நிறைய இருக்கும், அது மெதுவாகக் கரைந்து தண்ணீரைக் கடினமாக்கும். வீடு கட்டியபோது மிச்சமாகிக் கொல்லையில் கிடந்த ஆற்று மணலைச் சல்லடையில் சலித்து, கலங்கல் போகும்வரை வாளியில் அலசிப் போட்டேன். 2 அங்குல உயரத்துக்கு 45 கிலோ பிடித்தது. ஒளிந்துகொள்ள 2 அங்குல பிவிசி பைப்பில் ஓரடித் துண்டு. வெட்டிய வாயை உப்புத்தாள் போட்டு நன்றாகத் தேய்க்க வேண்டும், இந்த மீனின் தோல் மெல்லியது. இரண்டு சிரட்டையைத் தண்ணீரில் ஊறவைத்து, கறை இறங்கியபிறகு பக்கத்தில் கவிழ்த்து வைத்தேன். காய்ந்த நாட்டு வாதாம் இலைகள் ஒரு கைப்பிடி. நான்கைந்து நாளில் தண்ணீர் வெளிர் சாய நிறத்துக்கு வந்தது. வெளிச்சம் குறைய மேலே ஆகாயத்தாமரை மிதக்கவிட்டேன். தொங்கும் வேர்களுக்கு இடையில் மீன் அப்படியே நின்றுவிடும்.

மீன் 5 அங்குலம், 350 ரூபாய். கடையில் பார்க்கவேண்டியது வால்தான். மின் உறுப்பு பெரும்பகுதி அந்தப் பக்கம் இருக்கிறது. ஒரே தொட்டியில் நெருக்கி வைத்தால் ஒன்றின் வாலை ஒன்று கடிக்கும். கடிபட்ட வால் மறுபடி வளரும் என்றாலும், இரண்டு வெள்ளை வளையமும் முழுதாக இருக்கிற மீனைப் பார்த்து வாங்குவது நல்லது. வயிறு ஒட்டிக் கிடக்கிற மீனும் வேண்டாம்.

சரி, தண்ணீர். எங்கள் வீடு நாகர்கோவிலிலிருந்து கடற்கரைக்குப் போகும் வழியில் இருக்கிறது. போர்வெல் தண்ணீரை, கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் பேனாவில் அளந்தால் 640 காட்டியது. பேனா 350 ரூபாய். அது காட்டும் எண்ணைத் தோராயமாக இரண்டால் பெருக்கினால் கடத்துத்திறன் மைக்ரோசீமன்ஸில் வரும். அப்படிப் பார்த்தால் 1,280. கடைத் தண்ணீரே 410 இருந்தது, மீனும் அதில் உயிரோடுதான் இருந்தது. அதனால் போர்வெல் தண்ணீரிலேயே தொடங்கினேன். மீன் சாகவில்லை. ஆனால் பைப்பை விட்டு வெளியே வரவில்லை. புழுவை மூக்குக்கு நேராகப் போட்டால் தின்றது, ஒரு சாண் தள்ளிப் போட்டால் காலையில் புழு அப்படியே கிடந்தது.

காரணம் எளிமையானது. உப்பு கூடிய தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். மீன் விடும் மின்னோட்டம் உடம்பைச் சுற்றியே குறுக்குவழியில் ஓடிவிடுகிறது, தள்ளிப் போய் வோல்ட்டேஜாகத் தெரியும் பங்கு குறைந்துவிடுகிறது. இதே மீனை வைத்து 2001-ல் வெளியான ஓர் ஆய்வில், இருட்டில் டாஃப்னியா என்ற தண்ணீர்ப் பூச்சியைக் கொடுத்து, எத்தனை தூரத்திலிருந்து மீன் அதைக் கண்டுகொள்கிறது என்று அளந்தார்கள். கடத்துத்திறன் 35 மைக்ரோசீமன்ஸாக இருந்தபோது சுமார் 28 மி.மீ. தூரம். 600 ஆனபோது 12 மி.மீ. எங்கள் போர்வெல் அந்த 600-க்கும் இரண்டு மடங்கு. மாலை மூடுபனியில் ஹெட்லைட் போட்டு வண்டி ஓட்டுவதுபோல அந்த மீன் இருந்திருக்கும். அமேசான் பக்கம் நிலைமை வேறு: கறுப்புத் தண்ணீர் ஓடும் ரியோ நீக்ரோவில் கடத்துத்திறன் சுமார் 10 மைக்ரோசீமன்ஸ்தான், பிஎச் (எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்) 4-க்கும் 5-க்கும் இடையில். கலங்கலாக ஓடும் சொலிமோயஸ் ஆற்றில் 70-க்குப் பக்கம், பிஎச் 7-ஐ ஒட்டி.

கடல் பக்கத்து ஆட்களுக்கு இதன் மறுபக்கம் தெரியும். மின்சாரம் பாய்ச்சும் திருக்கை வலையில் வந்தால், தொட்ட கை விறைத்துப்போகும். கடல்நீர் மிக நன்றாகக் கடத்துவதால் திருக்கையின் மின் செல்கள் பக்கம் பக்கமாக அடுக்கப்பட்டு, குறைந்த வோல்ட்டில் அதிக கரண்டு கொடுக்கும். அமேசானின் மின் விலாங்கு நன்னீரில் இருப்பதால் அதன் செல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையாகக் கோர்த்திருக்கும். 2019-ல் தனி இனமாகப் பிரித்த எலக்ட்ரோபோரஸ் வோல்ட்டாய் என்ற விலாங்கில் 860 வோல்ட் வரை அளந்திருக்கிறார்கள். மின் விலாங்கும் பிளாக் கோஸ்ட்டும் உயிரின வகைப்பாட்டில் ஒரே வரிசையைச் சேர்ந்த உறவுக்கார மீன்கள். அது இரையை அடிக்க, இது வழி பார்க்க.

எங்கள் பூர்வீக வீடு குலசேகரத்திலிருந்து திற்பரப்புப் பக்கம், ரப்பர் தோட்டங்களுக்கு நடுவில். செம்மண்ணும் வெட்டுக்கல்லுமான பூமி. அங்கே கிணற்றுத் தண்ணீரில் பேனாவை முக்கினால் 36. பிஎச் 5.8. ஒரே மாவட்டத்தில் ஒன்றரை மணி நேரப் பயணத்துக்குள் 640-ம் 36-ம் இருக்கிறது! மலையிலிருந்து கடல் இவ்வளவு பக்கத்தில் இருக்கிற ஊரில் இது ஒரு வசதி. 20 லிட்டர் கேன்களில் பிடித்துக் காரில் ஏற்றினேன். "மீனுக்கா நம்ம கெணத்து வெள்ளத்தச் சொமந்துட்டுப் போற? அங்க அதுக்கு வெள்ளம் கெடைக்காதா மக்கா?" என்று அம்மா கேட்டார். காரணத்தைச் சொன்னதும், அடுத்த தடவை போவதற்குள் அவரே கேன்களைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார்.

ஒரேயடியாக மாற்றக்கூடாது. உப்பு திடீரென்று குறைந்தால் மீனின் உடம்புக்குள் தண்ணீர் ஏறி அது தவித்துப்போகும். ஒருநாள் விட்டு ஒருநாள் 25 லிட்டர் எடுத்து, அதே அளவு கிணற்றுத் தண்ணீர் சேர்த்தேன். எண் 500, 400, 300 என்று இறங்க இறங்க மீனின் நடத்தை மாறியது கண்ணுக்குத் தெரிந்தது. 200-க்குக் கீழே வந்தபிறகு விளக்கை அணைத்த அரை மணிக்குள் வெளியே வர ஆரம்பித்தது. 100-க்குக் கீழே வந்தபோது வேறொரு சிக்கல். இந்தத் தண்ணீரில் பிஎச்சைத் தாங்கிப் பிடிக்கும் சுண்ணாம்புச் சத்து கிட்டத்தட்ட இல்லை. இலைக் கறையும் மீன் கழிவும் சேர்ந்து பிஎச் 5.3-க்கு இறங்கிவிட்டது. அவ்வளவு புளிப்பில், பில்டர் ஸ்பாஞ்சுக்குள் வாழ்ந்து, கழிவில் வரும் அம்மோனியாவை மாற்றும் பாக்டீரியா மந்தமாகிவிடும். ஒரு கைப்பிடி சிப்பியை இடித்து, துணியில் முடிந்து, பில்டர் பக்கத்தில் தொங்கவிட்டேன். ஒரு வாரத்தில் பிஎச் 6.4, டிடிஎஸ் 80. அங்கேயே நிற்கிறது. கோடைக்குப் பிறகு மாடியில் விழும் மழைத் தண்ணீரும் பயன்படும்; முதல் இரண்டு மழையில் தளம் கழுவி ஓடட்டும், அடுத்ததைப் பிடித்தால் 11 முதல் 14 வரைதான் காட்டுகிறது. தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமும் நமக்குக் கிடைப்பதால் கேன் சுமக்கும் வேலை பாதியாகிவிடும்.

இனி கம்பி. செம்புக் கம்பியைத் தொட்டிக்குள் விடவே கூடாது, செம்பு மீனுக்கு விஷம், மென்மையான தண்ணீரில் இன்னும் மோசம். பழைய பேட்டரியை உடைத்து கார்பன் ராடு எடுத்துப் பார்த்தேன். சிக்னல் வந்தது, ஆனால் வயரை அதில் பிடிப்பிப்பது பெரும்பாடு. கடைசியில் படகு வேலைக்கு வெல்டிங் செய்யும் பட்டறையில் 316 வகை எவர்சில்வர் வெல்டிங் ராடு, 2.4 மி.மீ. தடிமனில் வாங்கினேன். ஒன்று 45 ரூபாய். ஒரு அடிக்கு வெட்டி, கீழே 3 செ.மீ. மட்டும் வெளியே தெரியும்படி மீதியை ஹீட் ஷ்ரிங்க் குழாயால் மூடினேன். எவர்சில்வரில் ஈயம் ஒட்டாது, அதனால் மேல்முனையில் பித்தளை கனெக்டரை ஸ்க்ரூ போட்டு இறுக்கியிருக்கிறேன், அது தண்ணீருக்கு மேலேயே இருக்கும். இரண்டு கம்பியும் 30 செ.மீ. இடைவெளியில் நேராக இறங்குகின்றன. மூன்றாவது ஒன்று மூலையில், அது கிரவுண்டு.

ஆம்ப்ளிஃபயர். எளிதாகக் கிடைக்கிறதே என்று, ஸ்பீக்கரை ஓட்டும் எல்எம்386 என்ற ஆம்ப்ளிஃபயர் ஐசியை மட்டும் வைத்து, ஒரு கம்பி சிக்னலுக்கும் ஒரு கம்பி கிரவுண்டுக்குமாக முதலில் கட்டினேன். ஸ்பீக்கரில் வந்தது முழுக்க வீட்டுக் கரண்டின் 50 ஹெர்ட்ஸ் உறுமல். மீன் அதற்குள் எங்கேயோ புதைந்து கிடந்தது. வீட்டுச் சுவரில் ஓடும் வயர்கள் எல்லாம் தொட்டியையே ஆன்டெனா ஆக்கிவிடுகின்றன. அந்த உறுமல் இரண்டு கம்பியிலும் ஒரே மாதிரி வரும். மீனின் சிக்னல் ஒன்றுக்கொன்று வித்தியாசமாக வரும். எனவே ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்கிற சர்க்யூட் வேண்டும். டிஎல்072 என்ற ஐசியில் ஆப்-ஆம்ப் எனும் பெருக்கிகள் இரண்டு இருக்கின்றன. முதல் பாதி கழித்தல்: இரண்டு 100 கிலோ ஓம், இரண்டு 1 மெகா ஓம் ரெசிஸ்டர், பெருக்கம் 10. நடுவில் 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரும் 5.6 கிலோ ஓமும். இது சுமார் 280 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டும். இரண்டாம் பாதி மறுபடி 11 மடங்கு. அதன் பிறகு ஒரு வால்யூம் கன்ட்ரோல், எல்எம்386, 3 அங்குல 8 ஓம் ஸ்பீக்கர்.

இப்படிக் கட்டியும் உறுமல் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. மார்த்தாண்டத்தில் டிவி, ரேடியோ ரிப்பேர் செய்யும் அண்ணன் ஒருவரிடம் போர்டைக் கொண்டுபோனேன். லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு, "இதுல தங்கக் கலர் வளையம் போட்ட ரெசிஸ்டராடே போட்டிருக்க? ஒரு பக்கம் நூறு, மத்த பக்கம் நூத்தி மூணு இருந்தா எப்படி மக்கா கழியும்? மீட்டர் வச்சு ஜோடி பொறுக்கிப் போடு" என்றார். மதிப்பு ஒரு சதவீதத்துக்கு மேல் பிசகாத மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டர், ஒவ்வொரு மதிப்பிலும் இருபது வாங்கி, மல்டிமீட்டரில் அளந்து, எண் ஒத்துப்போகிற ஜோடிகளை எடுத்துப் போட்டேன். ரெசிஸ்டர்களுக்கு 40 ரூபாய்தான். ஆனால் சர்க்யூட்டில் செய்த மாற்றங்களில் அதிகப் பலன் தந்தது இதுதான். போர்டை ஒரு பழைய எவர்சில்வர் டிபன் பாக்ஸுக்குள் வைத்து, பாக்ஸை கிரவுண்டோடு சேர்த்தேன். கம்பியிலிருந்து பாக்ஸ் வரை ஷீல்டு போட்ட மைக் வயர். ஐசி இரண்டும் சேர்ந்து 30, டாட் போர்டு 40, ஸ்பீக்கர் 80, வயர், கனெக்டர், கன்ட்ரோல் எல்லாம் சேர்த்து எலக்ட்ரானிக்ஸ் செலவு 500-ஐத் தாண்டவில்லை.

பவருக்கு இரண்டு 9 வோல்ட் பேட்டரி. அடாப்டர் வேண்டவே வேண்டாம். உறுமல் என்பது ஒரு பக்கம். தண்ணீருக்குள் கம்பியை விட்டுவிட்டு அதன் மறுமுனையைச் சுவர் பிளக்கோடு சேர்ப்பது ஆபத்து. அடாப்டர் பழுதானால் அடி நேராகத் தொட்டிக்குள் போகும்.

அதேபோல தண்ணீருக்குள் மூழ்கி ஓடும் பில்டர் மோட்டார். புதிதாக வாங்கியது, டெஸ்டரில் கசிவு எதுவும் காட்டவில்லை. ஆனால் அதை ஆன் செய்தால் ஸ்பீக்கரில் உறுமல் எழும், ஆஃப் செய்தால் அடங்கும். மீனுக்கும் அது தெரியாமல் இருக்காது. இந்த மீன்களின் தோலில் இரண்டு வகை மின் உணர்வுறுப்புகள் இருக்கின்றன: சொந்தத் துடிப்பின் அதிர்வெண்ணுக்குச் சுருதி கூட்டிய ஒரு வகை, மெதுவாக மாறும் புலங்களை உணரும் இன்னொரு வகை. மோட்டாரின் 50 ஹெர்ட்ஸ் இரண்டாவதன் எல்லைக்குள் வருகிறது. மோட்டாரை எடுத்துவிட்டு, நண்பர் வீட்டில் ஏற்கெனவே பழகிய ஸ்பாஞ்ச் பில்டர் ஒன்றைப் போட்டு, ஏர் பம்பைத் தொட்டியிலிருந்து ஆறடி தள்ளி அலமாரியில் வைத்தேன். ட்யூப் மட்டும் வருகிறது. தொட்டி மேலே இருந்த எல்இடி பட்டியையும் கழற்றிவிட்டேன், அதன் டிரைவர் கீச்சென்று ஒரு ஓசை போட்டுக்கொண்டிருந்தது.

இவ்வளவும் ஆனபிறகு, டிடிஎஸ் 80-ல், ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் ஸ்விட்சைப் போட்டால் வருவது ஒரே சீரான ஓசை. தம்புராவின் மீட்டல் ஏறி இறங்குவதுபோல இல்லாமல் நேர்கோடாக நிற்கும். போர்வெல் தண்ணீரில் இதே போர்டை வைத்து வால்யூமை முழுக்கத் திருப்பியும் இரைச்சலுக்குள் அரைகுறையாகத்தான் கேட்டது. இப்போது வால்யூம் கால்வாசி போதும்.

மீன் இரண்டு கம்பிகளையும் இணைக்கும் கோட்டின் திசையில் நிற்கும்போது ஓசை உச்சம். குறுக்காகத் திரும்பினால் சுத்தமாக அடங்கிவிடும். மறுபக்கம் திரும்பினால் மறுபடி எழும். அதனால் இருட்டில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தாலும் அது எப்போது திரும்புகிறது என்று சொல்லிவிடலாம். ஒரு துண்டு மண்புழுவைப் போட்டுவிட்டுக் கேளுங்கள். ஓசை மெல்ல ஏறி, இறங்கி, நின்று, சட்டென்று மறுபடி ஏறும். சிவப்பு விளக்கில் பார்த்தால் காரணம் தெரியும்: புழுவை ஒட்டியே முன்னால் கடந்து போகிறது, புழு வயிற்றுப்பக்கம் வந்ததும் நிற்கிறது, அப்படியே பின்னால் வழுக்கி வந்து வாயால் எடுக்கிறது. கண் தேவைப்படவில்லை. உடம்பு முழுவதும் உணர்வுறுப்பாக இருப்பதால் புழு எந்த இடத்தில் தட்டுப்பட்டாலும் போதும்.

ஃபோனில், ஓசையின் அதிர்வெண்ணைத் திரையில் கோடாகக் காட்டும் ஸ்பெக்ட்ரம் ஆப் ஒன்றை ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்து அளந்தேன். தண்ணீர் 26 டிகிரி இருந்தபோது 985 ஹெர்ட்ஸ். மகள் தன் கிட்டார் ட்யூனரை வைத்துப் பார்த்தாள். 'பி' என்ற சுரத்தைக் காட்டி முள் நடுவில் நின்றது. 28 டிகிரி ஆனபோது 1,080-ஐ ஒட்டி. மழை பெய்து 25-க்குக் குளிர்ந்த காலையில் 940. வெப்பம் மாறாதபோது எண் அசைவதே இல்லை. உயிரினங்களில் இவ்வளவு சீரான துடிப்பு அரிது. இந்தக் குடும்பத்து மீன்களின் மின் உறுப்பு நரம்பு இழைகளாலேயே ஆனது. மின் விலாங்கு உட்பட மற்ற கத்தி மீன்களுக்கு அது தசையிலிருந்து வந்தது. நரம்பால் ஆனது என்பதால்தான் இவ்வளவு வேகத்தில் துடிக்க முடிகிறது. இந்த இனத்தில் பெண் மீனின் சுருதி பொதுவாக ஆணைவிட அதிகம். பழுப்பு நிறச் சொந்தமான அப்டெரோநோட்டஸ் லெப்டோரிங்க்கஸில் அப்படியே தலைகீழ். ஒரே ஒரு மீனை வைத்துக்கொண்டு இது ஆணா பெண்ணா என்று நான் சொல்வதற்கில்லை.

கடைசியாகச் செய்து பார்த்தது எனக்கு மிகவும் பிடித்தது. ஒன்றுக்கொன்று நெருக்கமான அதிர்வெண்ணில் இரண்டு மீன்கள் பக்கத்தில் வந்தால் இருவருடைய உணர்வும் குழம்பும். அதைத் தவிர்க்கச் சுருதியை நகர்த்திக்கொள்ளும். ஜப்பானைச் சேர்ந்த வாட்டனபேயும் டாக்கேடாவும் 1963-ல் ஐகன்மானியா என்ற கண்ணாடி நிறக் கத்தி மீனில் இதை முதலில் எழுதினார்கள். பக்கத்தில் இன்னொரு மீன் இருப்பதுபோலக் காட்ட, ஃபோனில் வேண்டிய அதிர்வெண்ணை உண்டாக்கும் டோன் ஜெனரேட்டர் ஆப், இயர்போன் வயரின் இரண்டு முனையிலும் 10 கிலோ ஓம் ரெசிஸ்டர், பிறகு பழைய கார்பன் ராடு இரண்டு, 10 செ.மீ. இடைவெளியில். ஃபோன் சார்ஜரில் இருக்கக்கூடாது. மீன் 985; நான் 981 வைத்தேன். ஸ்பீக்கரில் நொடிக்கு நான்கு தடவை ஓசை பொங்கி அடங்கியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மீனின் கோடு திரையில் மேலே நகர்ந்தது: 986, 987, அரை நிமிடத்தில் 989. பொங்குவது நொடிக்கு எட்டாகி, ஓசை நடுங்கியது. ஃபோனை நிறுத்தியதும் மெதுவாக இறங்கி 985-க்கு வந்தது. அப்டெரோநோட்டஸ் இப்படி மேல்பக்கமாகத்தான் நகரும், ஐகன்மானியா இரண்டு பக்கமும் நகரும். இதை நீட்டிச் செய்யவேண்டாம். ஓசையை விட்டுக்கொண்டிருக்கும் நேரமெல்லாம் அதன் வழி பார்க்கும் புலனை நாம் கலைக்கிறோம். ஒரு நிமிடத்துக்கு மேல் நான் விடுவதில்லை.

அடுத்து மாற்ற வேண்டியவை சில இருக்கின்றன. 9 வோல்ட் பேட்டரி ஸ்பீக்கரோடு சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது. பழைய லேப்டாப் பேட்டரியிலிருந்து எடுத்த 18650 வகை லித்தியம் செல்களை இரண்டிரண்டாக இரு பக்கமும் போடப்போகிறேன், 7.4 வோல்ட்டில் ஐசிகள் தாராளமாக ஓடும். மூடியில் கொசுவலைக்குப் பதில் மெல்லிய இரும்பு வலை அடித்து கிரவுண்டு செய்தால் மிச்ச உறுமலும் போகும் என்று நினைக்கிறேன்.

தொட்டியும் மாறியாக வேண்டும். இந்த மீன் அரை மீட்டர் வரை வளரும். இப்போது எட்டு அங்குலம் ஆகிவிட்டது. ஒன்றரை அடி அகலத்தில் பெரிய மீன் திரும்ப இடம் போதாது. வளர்ந்தபிறகு சமாளிக்க முடியாமல் கால்வாயிலோ ஊர்க் குளத்திலோ கொண்டு விடுவது நம் பக்கம் நடக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கோதையாற்று ஓடைகளில் இருக்கும் மென்மையான தண்ணீரும் வெப்பமும் இந்த மீனுக்கு ஒத்துப்போகக்கூடியவை என்பதாலேயே நான் இதைச் சொல்கிறேன். ஆப்பிரிக்கக் கெளுத்தி எப்படிப் பரவியது என்று நமக்குத் தெரியும். இடம் இல்லை என்றால் வாங்கிய கடைக்கே திருப்பிக் கொடுங்கள், காசு கேட்காமல் எடுத்துக்கொள்வார்கள்.

6 அடிக்கு 2 அடிக்கு 2 அடி தொட்டிக்கு 12 மி.மீ. கண்ணாடியில் 21,000 சொன்னார்கள். சிமென்ட் தொட்டி மூன்றில் ஒரு பங்குதான் ஆகும், ஆனால் சிமென்ட்டிலிருந்து சுண்ணாம்பு இறங்கி நான் கேன் கேனாகச் சுமந்து குறைத்த எண்ணை மறுபடி ஏற்றிவிடும். உள்ளே எபாக்சி பூசினால் தாங்குமா என்று பார்க்க, ஒரு சின்னச் சிமென்ட் தொட்டியில் பூசி, மழைத் தண்ணீர் நிரப்பி வைத்திருக்கிறேன். நிரப்பும்போது 12. நேற்று பேனா 19 காட்டியது. இன்னும் ஒரு மாதம் பார்த்துவிட்டுத்தான் முடிவு.